பதினேழாம் நம்பர் வில்லை

பாய்லர்காரர் வீட்டுக்கு யார் போனாலும் ஆறிப்போன டீதான் கிடைக்கும். வந்தவரை அவமானப்படுத்த அல்ல. அந்த வீட்டில் ஆவி பறக்கிற எதுவும் மேஜைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். அடுப்பில் எது கொதித்தாலும், கொதிப்பு அடங்கி, மூடியில் வேர்த்த தண்ணீர் காய்ந்த பிறகுதான் சமையலறைக் கதவு திறக்கும். மனிதர் குளிப்பது பச்சைத் தண்ணீரில். எலும்பு நடுங்குகிற மாதத்திலும் அதேதான். பல் தந்தியடிக்க வெளியே வருவார். "எப்படிங்க இருக்கு?" என்று மனைவி கேட்டால், "சொர்க்கம்" என்பார். "அங்க போற வழியைப் பாக்காதீங்க, பேரை மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க" என்று அவள் துண்டை மூஞ்சியில் எறிவாள்.

இத்தனைக்கும் முப்பது வருஷம் நெருப்போடு குடித்தனம் நடத்தியவர் அவர். பதினாறு வயதில் சலவை ஆலையில் சாம்பல் அள்ளப் போனார். படிப்பு அதற்குமேல் ஏறவில்லை என்று வாத்தியாரும் சொன்னார், அவரும் ஒத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஊரில் உள்ள மருத்துவமனை, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் அந்த ஆலைக்குத்தான் வரும். பிள்ளை பெற்றவள் விரிப்பு, செத்தவன் விரிப்பு, புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் விரிப்பு எல்லாம் ஒரே தொட்டியில் முங்கும். வெளியே வரும்போது எது யாருடையது என்று கண்டுபிடிக்கக் கடவுளே வந்தாலும் திணறுவார்.

தொட்டியில் தண்ணீர் கொதிக்கவும், இஸ்திரி உருளைகள் சூடாகவும் நீராவி வேண்டும். அதற்கு இரண்டு பாய்லர்கள் இருந்தன. பெரியவன், சின்னவன் என்று பெயர். சாம்பல் அள்ளியவர் பத்து வருஷத்தில் அந்த இரண்டுக்கும் அப்பா ஆனார். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்காமலேயே, சத்தத்தை வைத்து, "பெரியவனுக்குப் பசி வந்துடுச்சு" என்று கரி அள்ளிப் போடுவார்.

பாய்லர் வயிற்றுக்குள் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு முறை நெருப்பை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, ஓர் ஆள் உள்ளே நுழைந்து சுத்தியலால் கொத்தி எடுக்க வேண்டும். பின்பக்கம் ஓர் ஓட்டை இருக்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி போக வேண்டும். போகும் முன் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று. உள்ளே போகிறவன் தன் வில்லையை முன்பக்க வால்வின் சக்கரத்தில் கம்பியால் மாட்டிவிட்டுப் போவான். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. தகரப் பலகையில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருந்தார்கள்.

பலகையில் எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. எப்போதோ ஒருத்தன் காய்ச்சலில் வில்லையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். காலை முழுக்க ஆலை நின்றது. மேனேஜர் குதித்தார். ஒருத்தரும் தொடவில்லை. கடைசியில் அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து, எல்லாரும் விலகி நிற்க, அதைக் கழற்றினாள். அன்றிலிருந்து மாட்டியவன், இல்லாவிட்டால் அவன் வீட்டு ஆள் என்று ஆயிற்று. இந்த விஷயத்தில் பாய்லர்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். ஒருமுறை மேனேஜர் ஒரு வில்லையை நோக்கி நீட்டிய கையைக் கரிக் கரண்டியால் தட்டியதாகச் சரித்திரம் உண்டு.

உள்ளே போய்க் கொத்துகிற ஆள் விசில். வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் ஞாபகம் இல்லை. எந்நேரமும் சீட்டியடிப்பான். பாய்லருக்குள் இருந்து அடித்தால் குடத்துக்குள் குயில் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். ஒன்று சுத்தியல் சத்தம், இல்லாவிட்டால் சீட்டி. இரண்டில் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். பாய்லர்காரரை "அண்ணே" என்பான். அவன் மனைவியும் "அண்ணே" என்பாள். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரே பாய்லர்காரர்தான். விசில் கோயிலுக்குப் போனது அதுவே முதலும் கடைசியும். "கடவுளுக்கும் எனக்கும் சண்டை இல்லண்ணே. பேச்சுவார்த்தையும் இல்ல" என்பான்.

அந்த நாள் இப்படி வந்தது. சின்னவனுக்குள் வேலை முடிகிற நாள். விசிலுக்கு மூன்று நாளாகப் பல்வலி. கன்னம் பன் மாதிரி வீங்கி இருந்தது. கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "மத்தியானம் மூடியைப் போட்டுட்டுப் பல் டாக்டர்கிட்ட போயிடுவேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மத்தியானம் ஆயிற்று. சுத்தியல் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. சீட்டி இல்லை. கன்னம் வீங்கியவனுக்குச் சீட்டி எங்கிருந்து வரும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஆபரேஷன் அறைக்கு விரிப்பு வேண்டும் என்று மேனேஜர் வந்து வந்து கத்தினார். இஸ்திரி உருளைக்கு நீராவி போகிற வால்வில் விசிலின் பதினேழாம் நம்பர் வில்லை தொங்கியது. அந்த வால்வைத் திறந்தால் பெரியவனின் நீராவி உருளைக்கும் போகும், சின்னவன் வயிற்றுக்கும் போகும். ஆள் வெளியே வந்து பின்பக்க ஓட்டைக்கு மூடி போட்டிருந்தால் ஒன்றும் இல்லை.

'பய வலியில் கழற்ற மறந்துட்டு ஓடிட்டான்' என்று பாய்லர்காரர் நினைத்தார். பின்பக்கம் போய்ப் பார்க்க இருபது எட்டு. போகவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருத்தன் வில்லையைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டார். சக்கரத்தைத் திருப்பினார்.

விசில் உள்ளேதான் இருந்தான். ஆறிப்போன இரும்பு ஜில்லென்று இருக்கும் என்பதால் வீங்கிய கன்னத்தை அதில் வைத்துப் படுத்திருந்தான்.

விசாரணை நடந்தது. 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்து, பிறகு விரிப்பு மடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். நடந்ததை ஒளிக்காமல் எல்லாரிடமும் சொன்னார். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவர் வாய் திறந்து சொல்லப் பதினோரு வருஷம் ஆயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் வில்லையை எடுத்துக்கொண்டு விசிலின் வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"தங்கச்சி, இது அவனோடது."

"நீங்க கழட்டினதை நீங்களே வச்சுக்குங்க" என்று கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் வாயில் 'அண்ணே' இல்லை. வில்லை அவர் சட்டைப் பையில். சட்டை மாற்றினால் வில்லையும் மாறும்.

அவர் மனைவி பெரிய கோயில்காரி. பூசை, ஜெபமாலை, பாவசங்கீர்த்தனம் எதையும் விடாதவள். அவளுடைய தம்பியோ கோயிலை விட்டுப் பிரிந்து, தன்னுடைய டயர் கடைக்கு மாடியில் ஜெபக்கூடம் வைத்திருப்பவன். வாரத்தில் ஆறு நாள் பஞ்சர் ஒட்டுவான், ஏழாம் நாள் மனிதர்களை ஒட்டுவான். குரல் மட்டும் மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். விசிலின் அடக்கத்தில், குழி மூடும் முன்னாலேயே, அவன் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னான்: "மனந்திரும்பாம போனான். எங்க போயிருப்பான்னு நான் சொல்லணுமா?" பாய்லர்காரர் காதில் அது விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மனைவி அவரைப் பங்குக் கோயில் சாமியாரிடம் இழுத்துப் போனாள். செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் நல்ல மனிதர். பிரசங்கம் மட்டும் தூக்க மாத்திரை. பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொல்லி, மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

"மூணா?" என்றார் பாய்லர்காரர்.

"மூணு போதும்."

"பள்ளிக்கூடத்துல ஜன்னல் கண்ணாடியை உடைச்சதுக்கே நூறு தோப்புக்கரணம் சாமி."

வெளியே வந்தவர், நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்த பெஞ்சு அவருக்குப் பட்டா ஆனது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் சாமியாரையும் தம்பியையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தாள் மனைவி. யாராவது ஒருத்தராவது புருஷனைக் கரையேற்ற மாட்டார்களா என்ற ஆசை. ஆறின டீ மூன்று டம்ளர். மச்சினன்தான் தொடங்கினான்.

"அத்தான், ஒரு நிமிஷ வேலை. வாயால அறிக்கை பண்ணுங்க, விசுவாசியுங்க. பழசு பூராவும் கழுவிப் போயிடும்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"விசிலுக்கு?"

மச்சினன் டீயைப் பார்த்தான். "அவனுக்கு நேரம் முடிஞ்சு போச்சு அத்தான்."

"முடிச்சது யாரு?"

பாய்லர்காரர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "எனக்கு மண்டையில ஏறுற மாதிரி சொல்லு மாப்ளே. வால்வைத் திறந்தவன் நான். வெந்தவன் அவன். நான் மன்னிப்புக் கேட்டுட்டேன், அதனால எனக்குச் சொர்க்கம். கேக்கறதுக்கு அவனுக்கு நேரம் குடுக்காம நானே அனுப்பிட்டேன், அதனால அவனுக்கு நரகம். நான் சுட்டது கொஞ்ச நேரம். உங்க ஆளு சுடறது எப்பவும். எங்க மேனேஜர்கூட இப்படி ஒரு தீர்ப்பு எழுத மாட்டான்டா."

"யார் நரகத்துல இருக்காங்கன்னு திருச்சபை இதுவரைக்கும் ஒருத்தர் பேரையும் சொன்னதில்ல" என்றார் சாமியார். "கடைசி நொடியில அவர் மனசு எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு நமக்குத் தெரியாது. சொர்க்கத்துக்கு முன்னாடி, பாவம் தீர்றவரைக்கும் இருக்கற உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்கு. அங்க இருந்தா நம்ம ஜெபம் அவருக்கு உதவும்."

"அப்படி ஒரு இடம் எங்கயும் எழுதலையே சாமி. நடுவுல வெயிட்டிங் ரூம் கட்டினது நீங்க" என்றான் மச்சினன்.

"நீங்க கட்டினது ரெண்டே ரூம் தம்பி. ஒண்ணுல உங்க மாடியில இருக்கற பதினஞ்சு பேரு. இன்னொண்ணுல மீதி உலகம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது.

"நெருப்பு தானா எரியாது" என்றார் பாய்லர்காரர் திடீரென்று. "கரி போடணும், கிளறணும், சாம்பல் அள்ளணும். விட்டுட்டா ஒரு ராத்திரி தாங்காது. எப்பவும் எரியற நெருப்புன்னா எப்பவும் ஒரு ஆள் நின்னு போட்டுக்கிட்டே இருக்கணும். அங்க யாரு போடறா?"

"பிசாசு" என்றான் மச்சினன்.

"அவனை அந்த வேலையில வச்சிருக்கறது யாரு?"

சாமியார் மெதுவாக அவர் கையைப் பிடித்தார். "இந்தக் கேள்விக்கெல்லாம் எங்கிட்ட பதில் இல்லைங்க. ஆனா உங்களுக்கு மன்னிப்புக் கிடைச்சாச்சு. அதை நான் ஆண்டவர் பேரால சொன்னேன்."

"மேனேஜரும் அப்படித்தான் சாமி சொல்வாரு. 'நான் சொல்றேன், கழட்டு'ன்னு." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "மாட்டினவன்தான் கழட்டணும். அவன் அங்க இருந்தா நானும் அங்கதான் போகணும். கேக்க வேண்டிய ஆள் அங்கதானே இருக்கான்?"

மச்சினன் நாற்காலியோடு எழுந்தான். "அத்தான், வாயைக் கழுவுங்க!"

"பச்சைத் தண்ணியிலதான் கழுவுவேன்" என்றார் அவர்.

பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. ஐம்பத்தேழு வயதில் நுரையீரல் மக்கர் செய்தது. முப்பது வருஷக் கரி உள்ளே குடியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மனைவிக்குத் தெரிந்தது. அவருக்கு அதற்கு முன்பே தெரிந்தது.

"ஏங்க, சாமியாரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"தம்பியை?"

"அவன் கத்துனா எனக்கு இழுக்கற மூச்சும் நின்னுடும்."

"அப்ப யாரைத்தான் கூப்பிடறது? இப்படியே போயிடலாம்னு இருக்கீங்களா?" என்றாள். புருஷன் மன்னிப்பில்லாமல் போய்விடுவார், தான் எங்கே போனாலும் அங்கே அவர் இருக்க மாட்டார். பதினோரு வருஷமாக அவளைத் தின்றது இந்த ஒரு பயம்தான்.

அவர் கூரையைப் பார்த்தார். "வீட்டு ஆளு இருக்குல்ல" என்றார்.

விசிலின் மனைவி கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். ஜிப் மாற்றுவது, பொத்தான் தைப்பது. குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேசுவாள், ஒரு ஊசியும் விழாது. பாய்லர்காரர் மனைவி போய் நின்றபோது யாரோ ஒரு பையனுடைய பள்ளிப் பை அவள் மடியில் இருந்தது.

"அவருக்கு முடியல. உன்னைப் பாக்கணுமாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். ஒன்பது ஊசி. கடைசி ஊசியைக் குத்திவிட்டுத்தான் பேசினாள். "ஜிப்பு பாதியில நிக்குது. முடிச்சிட்டு வரேன்."

வந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். டீ கொடுத்தார்கள். ஆறியிருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க பாய்லர்காரரே."

'அண்ணே' வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். தலையணைக்கு அடியிலிருந்து வில்லையை எடுத்தார். நீட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல. சாமியார்கிட்டயும் சொல்லல."

அவள் மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட என்ன சொன்னாங்க? உடனே போயிட்டான்னுதானே?"

"ஆமா. தெரியவே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க."

"தட்டினான்." மூச்சு வாங்கியது. "ஆறின குழாய்க்குள்ள நீராவி போனா குழாய் தானா டொக்கு டொக்குன்னு தட்டும். மூணு தடவை, நாலு தடவை. எப்பவும் தட்டும். அதான்னு நினைச்சேன். நாலாவது தடவையில தெரிஞ்சுபோச்சு. குழாய் அப்படித் தட்டாது. அது சுத்தியல். தெரிஞ்சுது. கை சக்கரத்து மேலதான் இருக்கு. திருப்பி மூடணும். கை வரல. அஞ்சு. ஆறு. பயம் இல்ல, ஒண்ணுமே இல்ல, கல்லு மாதிரி நின்னேன். ஏழுக்கு அப்புறம்தான் திருப்பினேன்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு" என்றாள் விசிலின் மனைவி.

"ஏழு."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"எண்ணல. காதுல இருக்கு."

தெருவில் ஏதோ வண்டியைப் பின்னோக்கி எடுக்கிற சத்தம் கேட்டு நின்றது.

"நாலுலயே திருப்பியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"தெரியாது." பிறகு, "இல்லன்னுதான் நினைக்கிறேன். ஆனா அது நான் எனக்குச் சொல்லிக்கறது" என்றார். "என் மச்சினன் அவன் நரகத்துல இருக்கான்னு சொல்றான். சாமியார் நடுவுல எங்கயோன்னு சொல்றாரு. நீ என்னம்மா நினைக்கிற?"

அவள் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது. "சூடுன்னா அந்த மனுஷனுக்கு ஆகாது. டீயை ஊதி ஊதி, பச்சைத் தண்ணியாக்கித்தான் குடிப்பாரு. அவரைப் போய் எந்தச் சாமி நெருப்புல போடும்? வெந்தது போதாதா? உங்க மச்சினனை ஒரு நாள் என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லுங்க."

பாய்லர்காரர் வில்லை இருந்த கையை மெல்ல நீட்டினார். அவள் வில்லையைப் பார்த்தாள். பதினேழு என்ற எண் தேய்ந்து வழவழப்பாகி இருந்தது. பதினோரு வருஷம் சட்டைப் பையில் உரசி உரசி.

"இன்னிக்கு முடியாது" என்றாள். எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "ஏழுன்னு இப்பத்தானே சொன்னீங்க. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொண்ணாக் காதுல கேக்கணும்."

போய்விட்டாள்.

மறுநாள் மச்சினன் வந்தான். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வழக்கமாக வாசலிலேயே தொடங்குகிற குரலைக் காணோம். கருப்புத் தோல் அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான்."

"கத்தாம சொல்லு."

"ஒருதடவை தெருமுனையில நான் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தேன். விசிலு சைக்கிள்ல வந்து நின்னு, நான் பேசப் பேச அதுக்கு ஏத்த மாதிரி சீட்டியடிச்சான். நான் ஏத்தினா அவனும் ஏத்தினான். கூட்டம் பூரா சிரிச்சுது." விரலால் அட்டையைத் தேய்த்தான். "அடக்கத்துல நான் சொன்னது அந்தக் கோபத்துல சொன்னது. வேதத்துல இருந்து சொல்லல."

பாய்லர்காரர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "அப்ப நரகம் இல்லையா?"

"இருக்கு அத்தான். அதை நான் மாத்திச் சொல்ல முடியாது. ஆனா விசிலு அங்க இருக்கானான்னு..." புத்தகத்தை மடியில் திருப்பி வைத்தான். "எனக்குத் தெரியாது."

"பதினோரு வருஷம் முன்னாடி இந்த 'தெரியாது'வைச் சொல்லியிருக்கலாமே மாப்ளே" என்றார். திட்டுகிற தொனி இல்லை. மச்சினன் முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதன் சத்தமே வராமல் அழுவதை அவன் அக்கா அன்றுதான் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார். ஏழு தட்டலையும் அவரிடம் சொன்னார் பாய்லர்காரர். சாமியார் கேட்டுவிட்டு, நெற்றியில் எண்ணெய் பூசி, மறுபடி அதே மன்னிப்பு வார்த்தைகளைச் சொன்னார். இந்தத் தடவை ஜெபமாலைக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. அப்பத்தை எடுத்தபோது பாய்லர்காரர் உதட்டை மூடிக்கொண்டார்.

"அது இருக்கட்டும் சாமி. அவ வரட்டும்."

"அவங்க வரலைன்னா?"

"வால்வு மூடியே கிடக்கட்டும்."

நாலாம் நாள் காலை ஏழரைக்கு, மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது அவர் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. வலது கை முஷ்டியாக மூடி நெஞ்சின்மேல் கிடந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். குளிப்பாட்ட வெந்நீர் வைக்கட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். "அடுப்பைத் தொடாதீங்க, பச்சைத் தண்ணி போதும்" என்றாள் மனைவி. மச்சினன் கையை நீட்டிவிட, முஷ்டியைப் பிரிக்கப் போனான்.

"தொடாதே!"

அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான்.

"மாட்டினவன் வரணும். இல்லன்னா அவன் வீட்டு ஆளு." சொல்லிவிட்டு அவளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு சட்டம் தன் வாயில் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அப்போதுதான் விசிலின் மனைவி வாசலில் வந்து நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. தோளில் கடைக்குப் போகிற பை. கழற்றிய செருப்புகளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். முகம் தொங்கியது. உள்ளே வந்து படுக்கையருகே மண்டியிட்டாள்.

அவருடைய விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அன்றைக்கு ஊசிகளை எடுத்த மாதிரி, அவசரப்படாமல். வில்லையை எடுத்து ஒருமுறை பார்த்துப் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அவர்கிட்ட சொல்லணும்னு ஏதாவது இருந்துச்சா?" மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பதினோரு வருஷப் பயம் மொத்தமும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. மச்சினனும் நிமிர்ந்தான். கதவருகே அங்கியோடு வந்து நின்ற சாமியாரும் அசையவில்லை.

"அண்ணன்கிட்டச் சொல்லத்தான் வந்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள்.

மனைவி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சொல்ல வந்ததே போதும். கடவுளுக்கு அது கேட்டிருக்கும்" என்றார் சாமியார்.

மச்சினன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். செத்தபிறகு வருகிற மன்னிப்பு செல்லாது என்பது அவன் மாடியில் அவனே ஐம்பது தடவை சொன்ன சங்கதி. வாயை மூடிக்கொண்டான்.

விசிலின் மனைவி இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. பிரித்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கிப் பிடித்ததில் வில்லையின் வட்டம் தோலில் பள்ளமாக விழுந்திருந்தது. நடுவில், தேய்ந்த எண், இடவலம் மாறிப் பதிந்தும் பதியாமலும் கிடந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். உயிருள்ள தோலாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். இது எழும்பவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது, நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவள் கையை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.